முப்பதாயிரத்து முப்பத்தொன்று

சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு யோகலிங்கம் வாத்தியார் படலையடியில் நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. இருபத்தாறு வருசம் கணக்குப் படிப்பித்த மனுசன், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முன்னால் போய் நிற்கப் பயந்து, கழுத்து வேர்வையைத் துடைத்துத் துடைத்து நேரத்தைப் போக்கிக்கொண்டிருந்தார். வெட்கக்கேடு, வேறென்ன!

விசயம் இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், தொண்ணூற்றேழில் தர்மபுரத்தில் ஒரு கொட்டில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். வேறெதனாலும் பிரிபடாத முதன்மை எண்களை வரிசையாகப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதும் முதன்மை எண்தான் என்று அடித்துச் சொல்வது அவருடைய வழக்கம். இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏழு. ஐந்தையும் சேர்த்தால் முப்பத்தொன்று. பிறகு இருநூற்றுப் பதினொன்று, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. ஒன்றும் வேறெதனாலும் பிரிபடாது. பதின்மூன்று வரை போனால் முப்பதாயிரத்து முப்பத்தொன்று. அதுவும் அப்படித்தான் என்று மூன்று கிழமைக்கு முன்னும் வகுப்பில் சொன்னார். ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

அடுத்தநாள் வகுப்பில் சிவரூபி எழும்பி நின்றாள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய அழகம்மாவின் மகள். கொப்பி கிடைக்காத காலம். கடைப் பேப்பர்ப் பையை விரித்து, நுணுக்கி நுணுக்கிப் பதின்மூன்றுக்கு மேலேயுள்ள பதினொரு முதன்மை எண்களால் பிரித்துப் பார்த்திருந்தாள்.

“சேர், நீங்க பெருக்குன ஆறு எண்ணுல எதால பிரிச்சாலும் ஒண்ணு மிஞ்சும், சரி. ஆனா அதுக்கு மேல உள்ள எண்ணால பிரியலாந்தானே? அம்பத்தொம்பதால மீதியில்லாம பிரியுது.”

வகுப்பு சிரித்தது. அவருக்குச் சுள்ளென்று ஏறியது.

“ஓம், நீ வந்து எனக்குப் படிப்பி! உங்கடை ஆக்களுக்குக் கூலிவேலை காணும், கணக்கு என்னத்துக்கு?”

பேப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டபின் தனியே நின்று கரும்பலகையில் பிரித்தார். ஐம்பத்தொன்பது தரம் ஐந்நூற்றொன்பது. ஒன்றும் மிஞ்சவில்லை. யாரும் காணமுதல் உள்ளங்கையால் அழித்தார். அடுத்தநாள் அவள் வரவில்லை. பாவி மனுசனுக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு மூன்று கிழமையாக, அந்த நிம்மதியை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

“வாங்க சேர், வாங்க!” அழகம்மா பதறிக்கொண்டு படலையைத் திறந்தாள். “படிக்கப் போடின்னா கேக்கமாட்டேங்கிறா. திங்கக்கெழமலருந்து வயலுக்குக் கூலிக்குப் போறாளாம். நீங்க சொன்னாத்தான் கேப்பா சேர். பேசிக்கிட்டிருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்.”

சிவரூபி கிணற்றடியில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, நீ செய்ததுதான் சரி. நான்தான் பிழை. உங்கடை ஆக்களைப் பற்றிச் சொன்ன கதை அதைவிடப் பிழை. வகுப்பிலையும் சொல்லுறன். நீ வா பிள்ளை.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“பிரிச்சுப் பாத்தீங்களா சேர்? மீதி வரல்லதானே?”

“வரேல்லை.”

“எப்ப பாத்தீங்க?”

நேற்று என்று சொல்லிவிடலாம். யார் கண்டது? நுனிநாக்கு வரை வந்தது. இன்னொரு பொய்யையும் இந்தப் பிள்ளையின் தலையில் கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

“அண்டைக்கே,” என்றார். “நீங்கள் எல்லாரும் வீட்டை போனாப்பிறகு.”

சிவரூபி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போனாள். குசினி வாசலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அழகம்மா, அவருக்கென்று ஊற்றிய தேத்தண்ணீரை நீட்டாமல், கையில் பிடித்தபடியே நின்றாள்.