ஒருவர் கேட்கிறார்

1

இந்தக் கதை, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. நானே யோசித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். மாட்டிக்கொள்வேன்.

செந்தாமரை அக்கா எதிர் குவார்ட்டர்ஸ். வீட்டிலேயே தையல். கணவர் குமரவேல் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். மகள் கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். அன்றைக்குத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்திருந்த போனில், யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்.

"யாருக்கா இது?"

"வதனி. நார்வேலேர்ந்து பேசறாங்க. பாண்டி ரேடியோவத் தேடிக்கினு இருந்தேன், கை பட்டு இது வந்துட்டுது. அதுலேர்ந்து இதான்."

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'பனியும் நிலக்கரியும் சந்தித்த ஒரு மத்தியானத்தில்...' அக்கா படித்தால் ஊசியால் குத்துவார். விட்டுவிட்டேன்.

அடுத்து: 'தனிமை என்பது...'

(இதையும் அடித்துவிட்டேன். அக்கா தனிமையில் இல்லை. வீட்டுக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. அளவு சொல்கிறார்கள், என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள்.)

எனவே நேராகச் சொல்லிவிடுகிறேன். வதனி வேலைக்குப் போகுமுன் தன் சமையலறையிலிருந்து இணையத்தில் ஒரு வானொலி நடத்துகிறார். அங்கே காலை, நமக்கு மத்தியானம். இரண்டு பாட்டு, நடுவில் பேச்சு: நேற்று வைத்த குழம்பு, பனியில் சறுக்கிய பேருந்து, இப்படி. போன் திரையின் மூலையில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒரு எண் வரும். பெரும்பாலும் ஒன்று.

"அந்த ஒண்ணு நாந்தான்" என்றார் அக்கா, ஏதோ தப்பு செய்தவர் மாதிரி.

3

ஒருநாள் வதனி பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"இண்டைக்கும் ஒண்டு எண்டுதான் காட்டுது. அந்த ஒராள் மனிசரோ, ஆரோ மூடாமல் விட்ட கணினியோ, எனக்குத் தெரியேல்லை. ஆரோடை கதைக்கிறாய் எண்டு வீட்டிலை கேக்கினம். இந்த மாதக் கடைசியோடை நிப்பாட்டலாமெண்டு இருக்கிறன். நீங்கள் மனிசர் எண்டால், ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப வாங்கோ, எண் போய் வாறதிலை எனக்கு விளங்கும்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அமுக்குக்கா!"

"மறுபடி வரலன்னா?"

"வரும்."

அமுக்கினார். வீடே சட்டென்று அமைதியானது. மீண்டும் தொட்டபோது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்காவின் விரலில் நூல் சுற்றிச் சிவந்திருந்தது. பிறகு குரல் வந்தது, ஆனால் பேச்சாக இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வந்திட்டியள்," என்றார் வதனி. "மனிசர்தான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னா வெயில் இது" என்றார்.

4

[இந்த இடத்தில் குமரவேல் வருகிறார். அவரை நான் சந்தேகப்பட்டேன். ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிற மனிதர், வாய் திறந்தால் சாப்பாடு பற்றித்தான். மனைவியைக் கேலி செய்கிற கணவராக வைத்தால் கதைக்கு வசதி என்று ஒரு பக்கம் எழுதியும்விட்டேன்.]

நடந்தது வேறு. மறுநாள் எண் இரண்டு என்று காட்டியது. அக்கா பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தால், செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும் சட்டையோடு குமரவேல் கட்டிலில் உட்கார்ந்து, தன் போனைக் காதில் வைத்திருந்தார்.

"ஒண்டியா ஒன்னப் போட்டு அந்தம்மா எத்தினி நாளு கேள்வி கேப்பாங்க? ரெண்டா இருக்கட்டும்" என்றார்.

இதிலிருந்து பிளாக் முழுக்கக் கேட்டு, எண் நூறைத் தாண்டியது என்று எழுதலாம். எழுதினேன். நாக்கில் வெல்லம் ஒட்டியது மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன்.

5

மாதம் முடியுமுன் வதனி ஒரு தொலைபேசி எண்ணைச் சொன்னார். விருப்பமென்றால் கூப்பிடலாமாம்.

"நீ பேசேன். எழுதறவ நீதான?" என்றார் அக்கா.

"அவங்க தேடுறது உங்களைக்கா."

கூப்பிட்டார். மறுமுனையில் "ஹலோ" கேட்டதும் அக்கா வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் வதனி பேச, அக்கா கேட்டே பழக்கம். கடைசியில் அக்கா கேட்டார்: "அன்னிக்கு மீன் கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னீங்களே, அப்பறம் என்னா பண்ணீங்க?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எழுதுகிறவள் செய்யக்கூடாத காரியம்தான். உள்ளே அக்கா யாருக்கும் அளவெடுக்காமல், யாருக்கும் தேதி சொல்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

இப்போது இருவரும் வாரத்தில் பாதி நாள் பேசிக்கொள்கிறார்கள்.

6

வானொலி என்ன ஆயிற்று? எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அத எடுத்துடு."

"நடந்ததுதானேக்கா?"

"நடந்தது இன்னிக்கி வரிக்கும்தான? இத நாளைக்கி அந்தம்மா படிப்பாங்க. படிச்சிட்டு மனசு மாறலாம். மாறாமயும் இருக்கலாம். நீ எதுக்கு முந்திரிக்கொட்ட மாதிரி?"

எடுத்துவிட்டேன். 'மாதக் கடைசி நாளில் வதனி...' என்பதுவரை மட்டும் விட்டுவைக்க அனுமதி கிடைத்தது. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும், அதை வதனி படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள்.