முத்துமாரியின் கிடா

பக்ரீத்துக்கு இருபது நாள் இருக்கும்போது ஆம்பூரிலிருந்து அப்துல் கஃபார் பாய் ஒடுகத்தூர்ப் பக்கம் வருவார். அவருடைய வெள்ளை வேன் எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்று ஊரில் யாரும் பந்தயம் கட்டுவதில்லை. மூன்று வருஷமாக அது முத்துமாரி வீட்டு வாசலில்தான் நிற்கிறது. எதிர்வீட்டு அருணகிரி தன் ஆட்டுப்பட்டியின் படலைப் பிடித்துக்கொண்டு, பார்க்காதவன்போலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கஃபார் பாய் தோல் மண்டி வைத்திருப்பவர். அவருடைய பெரியப்பாவின் தோல் கம்பெனியில், சுண்ணாம்புக் குழியில், அருணகிரி இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறான். கையும் காலும் வெந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். வேலை நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் விழுந்ததில்லை. உடம்பு முடியாமல் வேலையை விட்டபிறகு ஆடு வாங்கினான். கஃபார் பாய் தன் குர்பானிக்கு அவனுடைய கிடாவை எடுக்க வேண்டும், எடுக்கும்போது நல்ல கிடா என்று முத்துமாரி காதுபடச் சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது அதுதான்.

போன வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. பாய் கிடாவின் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கொம்பைத் தடவினார். கடைசியில் இடது கண்ணுக்கு நேரே விரலை ஆட்டினார். கிடா இமைக்கவில்லை.

"கண்ணு போயிருக்கேப்பா. குர்பானிக்கு ஆவாது."

"முள்ளு குத்திடுச்சு பாய்."

அவர் தெருவைத் தாண்டி முத்துமாரி வீட்டுக்குப் போய்விட்டார்.

முள்ளுக்கு அருணகிரி என்ன செய்வான்? வேர்க்கடலை பிடுங்கியபின் ஆடு மேய்ந்த கொல்லைகள் எல்லாம் கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, பிளாட் ஆகிவிட்டன. மிச்சம் இருப்பது ஏரி. ஏரியில் தண்ணீர் இல்லை, கரை முதல் கரை வரை வேலிகாத்தான் முள். அதற்குள் புகுந்து வரும் அவன் ஆடுகளின் உடம்பில் கீறல் இல்லாத நாள் கிடையாது. முத்துமாரியின் எட்டு ஆடுகளோ சாயங்காலம் எண்ணெய் தேய்த்துக் குளித்தவை மாதிரி வந்து நிற்கும்.

"இன்னா மருந்து வைக்கிறாளோ தெரியல" என்றான் மனைவி சம்பூர்ணத்திடம்.

"அவ ஆட்டையே நெனச்சுனு கெடந்தா நம்ம ஆடு கொழுக்குமா? போய் அவளையே கேளேன். கை கால்தான் வெந்துச்சு, வாய் நல்லாத்தான இருக்குது?"

கேட்க மனசு வரவில்லை. சித்திரையில் ஒருநாள் காலை, அவள் ஆடுகளுக்குப் பின்னாலேயே போனான்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு சரிவு. காட்டிலாகா எல்லை அதற்கு மேலேதான் தொடங்குகிறது. சரிவின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கற்களை வரிசையாக அடுக்கியிருந்தாள் முத்துமாரி. கல்லுக்கு இந்தப் பக்கம் ஆடு கடித்த புல். அந்தப் பக்கம் ஒரு வாய்கூடப் படாமல் இடுப்பளவு நின்றது. கீழே ஓர் ஊற்றுக்குழி, அந்தக் கோடையிலும் தண்ணீரோடு.

"வாண்ணா" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "ஒளிஞ்சு நிக்கறதுக்கு வேற எடம் கெடைக்கலயா? நீ நிக்கறது எறும்புப் புத்து."

அருணகிரி காலை உதறிக்கொண்டு வெளியே வந்தான். "இது யாரு எடம்?"

"யாருக்கும் இல்ல. உன் ஆட்டையும் பத்தினு வா, இந்தாண்ட மேயட்டும். கல்லுக்கு அந்தாண்ட மட்டும் வுடாத. ஐப்பசி மழை முடியற வரைக்கும் அது அப்படியே நிக்கணும். அடியில ஒரு சாண் மண்ணுதான், அதுக்குக் கீழ பாறை. புல்லுதான் மண்ணப் புடிச்சுனு இருக்குது. மண்ணு இருந்தாத்தான் ஊத்து."

"உனக்கு யாரு சொன்னது?"

அவள் கையை நீட்டினாள். பக்கத்துச் சரிவு யானை முதுகு மாதிரி வெறும் பாறையாக வெயிலில் பளபளத்தது. "அது நான் மேய்ச்சு மொட்டையடிச்சது."

அடுத்த நாளிலிருந்து அவனும் அங்கே வந்தான். வந்தானே தவிர, அவள் சொன்னதை நம்பவில்லை. கடித்துத் துப்பிய பக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, நல்ல பக்கத்தைத் தன் கிடாவுக்கு வைத்திருக்கிறாள். பாய் வருவதற்கு முந்தின மாசம் அதை மட்டும் உள்ளே விடுவாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் இடம் கொடுத்ததே அவனுக்கு எரிந்தது. மூடி மறைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

மாசக் கடைசியில் முத்துமாரியின் மகள் மேகலாவுக்கு ஜோலார்பேட்டையில் இரண்டாவது பிரசவம்.

"பத்து நாளு ஆவும்ணா. என் ஆட்டையும் சேர்த்துப் பத்தினு போறியா? உன்ன நம்பித்தான் போறேன்."

"போய்ட்டு வா" என்றான்.

முதல் நாள் கல் வரிசையைத் தொடவில்லை. இரண்டாம் நாள் முத்துமாரியின் கிடாவை ஒரு வெப்பாலை மரத்தில் கட்டினான். வரிசையில் ஆறு கற்களைப் புரட்டினான். அவனுடைய பதினான்கு ஆடுகள் அந்தப் பக்கம் போயின. பின்னாலேயே போகப் பார்த்த அவளுடைய ஆடுகளைக் கோலால் தடுத்தான். கட்டிக் கிடந்த கிடா கயிறு இறுகும்வரை முன்னால் வந்து நின்று, அவன் கிடா மேய்வதைப் பார்த்தது. அருணகிரிக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. மூன்று வருஷம் நான் பார்த்தேன், பத்து நாள் நீ பார் என்று அதனிடம் வாய்விட்டே சொன்னான்.

நுனி தீர்ந்ததும் ஆடுகள் தூரைக் கடித்தன. வறண்ட மண்ணிலிருந்து புல் வேரோடு வந்தது. ஒன்பதாம் நாள் இன்னும் கொஞ்சம் இருந்தது. பத்தாம் நாள் இல்லை. அவன் கிடாவின் மயிர் மினுமினுத்தது.

பதினோராம் நாள் மத்தியானம் கோடைமழை இரண்டு மணி நேரம் கொட்டியது. நல்லதாகப் போயிற்று, அவள் வருவதற்குள் துளிர்த்துவிடும் என்று அருணகிரி சந்தோஷப்பட்டான். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது, துளிர்ப்பதற்கு மண் இல்லை. சரிவு முழுக்க ஈரப் பாறை. கல் வரிசை நின்ற இடத்தில் ஒரு பள்ளம். ஊற்றுக்குழி இருந்த இடமே தெரியாமல் சேறு மூடியிருந்தது. முழங்கை ஆழத்துக்குக் கையால் அள்ளிப் பார்த்தான். சேறுதான் வந்தது.

சொன்னதற்கு இரண்டு நாள் தாமதமாக முத்துமாரி வந்தாள். காலையில் ஆடுகளோடு மலைக்குப் போனவள் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். மழை அரித்துவிட்டது என்று சொல்ல அவன் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்கவேயில்லை.

அவள் வந்த நான்காம் நாள் கஃபார் பாய் வந்தார். வேன் வழக்கம்போல முத்துமாரி வாசலில்தான் நின்றது. அவள் கிடாவின் முதுகில் கை வைத்தார், விலாவை எண்ணுகிறவர்போல விரலை ஓட்டினார், தெருவைத் தாண்டி வந்தார். அருணகிரியின் இந்த வருஷத்துக் கிடாவுக்குப் பல் பார்த்தார், காது பார்த்தார், கண்ணுக்கு நேரே விரலை ஆட்டினார். இமைத்தது.

"நல்ல கிடா அருணகிரி. மாஷா அல்லாஹ், ஜோரா வளர்த்திருக்க."

அருணகிரி முதலில் எதிர்வீட்டைத்தான் பார்த்தான். முத்துமாரி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கேட்டுவிட்டாள்.

"எங்க மேய்ச்ச?" என்றார் பாய்.

அவன் கிடாவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"சொல்லுண்ணா" என்றாள் முத்துமாரி. "பாய் கேக்குறாரு இல்ல."

"மலையில பாய்."

"அடுத்த வருஷமும் அங்கயே மேய். இதே மாதிரி ஒண்ணு வேணும் எனக்கு."

"அடுத்த வருஷம் பாறையத்தான் கடிக்கணும் பாய்" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "வந்த வேன் காலியாப் போவ வேணாம். என் எட்டையும் ஏத்திக்கோங்க."

"எட்டுமா? ஏன்மா?"

"மேய்க்க எடம் இல்ல. ஷூ கம்பெனில பேக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்களாம். போறேன்."

அன்று முழுக்க அருணகிரி பாய் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தான். காதில் இருந்தது, உள்ளே இறங்கவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இறங்கியிருக்குமோ என்னவோ.

இப்போது தினமும் ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் வருகிறது. முத்துமாரி நீலக் கோட்டுப் போட்டு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு, சாப்பாட்டுப் பையோடு ஏறுகிறாள். பதின்மூன்று ஆடுகளோடு ஏரிப் பக்கம் திரும்புகிற அருணகிரி, பஸ் கிளம்புகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறான். ஆடுகள் தாமாகவே முள்ளுக்குள் புகுந்துவிடுகின்றன.

"இன்னும் இன்னாத்துக்குய்யா அவளையே பாத்துனு நிக்கிற?" என்றாள் சம்பூர்ணம், கஞ்சித் தூக்கை அவன் கையில் கொடுத்து.

"டெய்லி அவளுக்கு ஜன்னல் சீட்டு கெடைக்குது" என்றான்.