ஏழில் வைத்த இரைச்சல்

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இரைச்சலார் ஓர் எண்ணை நாலிலிருந்து ஏழுக்கு மாற்றினார். பிறகு கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்குள் இருநூற்றுப் பதினாலு மனிதர்கள் மனிதர்களே இல்லை என்று முடிவாகிவிட்டது. அதில் ஒருத்தி அவருடைய சொந்த அக்கா.

இரைச்சலார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மரியாதை மாதிரி இருக்கும், மரியாதை இல்லை. இணையத்தில் ஏதாவது படிவத்தை நிரப்பி முடிக்கும்போது, நீங்கள் மனிதர்தானா என்று கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டித் திருப்பி எழுதச் சொல்லுமே, அது கண் தெரிந்தவர்களுக்கான சோதனை. கண் தெரியாதவர்களுக்கு அதன் பக்கத்திலேயே காது போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் ஒரு பெண்குரல் ஆறு எண்களைச் சொல்லும். குரலுக்கு முன்னாலும் பின்னாலும் குறுக்காலும் இரைச்சல் ஓடும். மனுஷக் காது இரைச்சலை ஒதுக்கிக் குரலைப் பிடித்துக்கொள்ளும், கூட்டம் கூட்டமாக வந்து படிவம் நிரப்பும் கணினி நிரல்கள் அங்கே திணறிப்போகும் என்பது கணக்கு. அந்த இரைச்சலைத் தயாரிப்பதுதான் அவருக்கு வேலை. பேருந்து நிலையம், பள்ளிக்கூடம் விடும் நேரம், கொதிக்கிற தண்ணீர், தலைகீழாக ஓடவிட்ட வானொலிச் செய்தி, தன்னுடைய சொந்தக் குறட்டை என்று பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். சத்தம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் ரெண்டே வகை, ஒன்று அரசியல்வாதி, இன்னொன்று நான் என்று அவரே சொல்லிக்கொள்வார். யாரும் சிரிக்காவிட்டாலும் இரண்டாம் தடவையும் சொல்வார்.

இரைச்சலின் அளவை ஏழில் அவர் சும்மா வைத்துவிடவில்லை. புதிய இரைச்சல் எதுவானாலும் அலுவலகத்தில் ஐந்து பேர் கேட்டு, ஐந்து பேரும் எண்களைச் சரியாக எழுதினால்தான் வெளியே விடலாம் என்று விதி இருந்தது. அவரே எழுதிய விதி. அன்றைக்கும் ஐந்து பேர் கேட்டார்கள், ஐந்து பேரும் சரியாக எழுதினார்கள். காவலாளி வெற்றிலை வாங்கக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காதில் மட்டும் கேட்டுவிட்டே ஆறு எண்களையும் எழுதிக் கொடுத்தார். அந்த ஐந்து பேரும் மூன்று வருடமாக அதே பெண்ணின் அதே குரலைக் கேட்டுக் கேட்டு, அவள் ஐந்துக்கு முன்னால் மூச்சு இழுப்பது வரை மனப்பாடமாகியிருந்தவர்கள் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவர்களுக்கு இரைச்சல் ஒரு தடையே இல்லை. குரலையே எடுத்துவிட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது இழுப்பறையில் அக்காவின் தவறிய அழைப்புகள் நாலு இருந்தன. அத்தானைப் பற்றி ஏதாவது புகாராக இருக்கும், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குள் மேலாளர் கையில் ஒரு தாளோடு வந்துவிட்டார். அவர்களுடைய சோதனையைப் பயன்படுத்தும் நூலகத் துறையின் தளத்தில் அன்று மட்டும் இருநூற்றுப் பதினாலு இயந்திரங்கள் மடக்கப்பட்டிருப்பதாகவும், போன வாரம் முழுக்கச் சேர்த்தே ஒன்பதுதான் என்றும் படித்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ கேக் வாங்கி வந்தார்கள். இரைச்சலார் ரொம்ப அடக்கமாக ரெண்டு துண்டு சாப்பிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அத்தான் கூப்பிட்டார். அத்தான் சாதாரணமாக மூன்று வார்த்தைக்கு மேல் செலவழிக்காத தையல்காரர்.

"மாப்ள, உங்க அக்கா மனுஷி இல்லையாம். கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு."

இரைச்சலார் சிரித்தார். அந்தப் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை. அவர் வாயில் கேக்கின் இனிப்பு இன்னும் இருந்தது.

அக்காவுக்கு முப்பது வயதில் பார்வை போயிற்று. அதற்கப்புறம் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் பதினாறு வருடம். குரலைக் கேட்டே எந்த வார்டு நர்ஸ் என்று சொல்லிவிடுவாள், எந்த டாக்டர் இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றும் சொல்வாள். அடுத்த மாதத்திலிருந்து அந்த இடத்தில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' வரப்போகிறது. நூலகத்தில் பேசும் புத்தகப் பிரிவில் இரண்டு இடம் காலியாக இருந்தது. பதிவான புத்தகங்களை வெளியே விடுவதற்கு முன் முழுக்கக் கேட்டு, எங்கே வரி விட்டுப்போனது, எங்கே குரல் தளர்ந்தது என்று சொல்லும் வேலை. பார்வை இல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம், வயது நாற்பத்தாறுக்குள். அக்காவுக்கு இந்த வருடத்தோடு நாற்பத்தாறு முடிகிறது. மருத்துவமனை அனுபவச் சான்றிதழைப் புதன்கிழமை சாயந்தரம்தான் கொடுத்தது. வியாழன் ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடப்படும். விவரமெல்லாம் நிரப்பி முடித்து அவள் காது பொத்தானை அழுத்தியது பன்னிரண்டேகால் மணிக்கு.

அவர் மனதுக்குள் அந்த நேரத்தைச் சரிபார்த்துப் பார்த்தார். ஏழு வைத்துப் பதினைந்து நிமிடம். ஒரு டீ குடித்துவிட்டு ஏழை வைத்திருந்தால்கூட அவள் தப்பித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக ஏழை நாலுக்கு இறக்கினார். பிறகு மேலாளரிடம் போய், நேற்று மடக்கியது இயந்திரங்களை அல்ல, மனிதர்களை, படிவத்தை ஒரே ஒரு நாள் திறந்துவிடச் சொல்லி நூலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். மேலாளர் நல்ல மனிதர். கஷ்டமான விஷயம் எதுவானாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே, நேற்று நாம் அனுப்பிய அறிக்கையை நாமே தப்பு என்று எழுதினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். தப்புதானே என்றார் இரைச்சலார். பார்க்கலாம் என்றார் மேலாளர். இரைச்சலார் தன் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதி நூலகத்துக்கு அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியது மனிதராக இருக்க வழியில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் வாசலறையில் காலர் வெட்டிக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்குக் கத்தரிக்கோலால் உள்ளே காட்டினார். அழுதாளா என்று கேட்டதற்கு, அதெல்லாம் விடுங்க மாப்ள என்றார். அதற்கு ஆமாம் என்று அர்த்தமா இல்லையென்று அர்த்தமா என்று இரைச்சலார் அந்தத் துணியை உற்றுப் பார்த்தால் தெரியப்போகிறதா? இரைச்சலார் செருப்பைக் கழற்றி இரண்டையும் நேராக வைத்து, திரும்பக் கோணலாக்கி, மறுபடி நேராக்கிவிட்டு உள்ளே போனார்.

அக்கா மேசைக்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

"வாடா. மெஷினைப் பாக்க வந்தியா? எண்ணெய் கொண்டு வந்திருக்கியா?"

வழக்கமாக அவர் பதிலுக்கு ஒன்று வீசுவார். இந்தக் குடும்பத்தில் அப்படித்தான். அப்பா போனபோதும் சரி, அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்த அந்த ரெண்டு வருடமும் சரி, அக்காவும் தம்பியும் மாறி மாறி ஜோக் அடித்தே கடந்தார்கள். அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார். அந்த இரைச்சலை நாலிலிருந்து ஏழுக்கு மாற்றியது நான்தான் என்றார். நாலு என்றால் என்ன, ஏழு என்றால் என்ன, ஐந்து பேர் கேட்டார்கள், கைப்பேசி இழுப்பறையில் இருந்தது என்று வரிசையாகச் சொன்னார். கேக்கை மட்டும் சொல்லவில்லை. பிறகு அதையும் சொல்லிவிட்டார்.

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கடை கேக் என்று கேட்டாள்.

எத்தனை தடவை முயற்சி செய்தாய் என்று கேட்டார். நாற்பத்தொன்று. ஐந்து தப்புக்கு ஒரு தரம் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுமாம். ரெண்டாம் காத்திருப்பில் சோறு வடித்தாளாம். அத்தான் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்ததால், நாலேகாலுக்குப் பொறுக்காமல் கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாளாம். அந்த அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள், சந்தேகத்துக்குரிய நடவடிக்கை, இருபத்து நாலு மணி நேரம் கழித்து வரவும் என்று வந்துவிட்டதாம். அந்த அம்மா பயந்துபோய், போலீஸ் வருமா என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அக்கா நிஜமாகவே சிரித்தாள்.

இப்போது நாலில்தான் இருக்கிறது, எனக்கு ஒரு தரம் செய்து காட்டு என்றார் அவர். நூலகத் தளத்தில் உறுப்பினராகும் பக்கம் ஒன்று இருந்தது. அதற்கும் அதே சோதனைதான். பதினோரு வருடத்தில் கண் தெரியாத ஒருவர் அதைச் செய்வதை அவர் ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நாலு தெரு தள்ளித்தான் அக்கா வீடு.

அக்கா பொத்தானை அழுத்தினாள். அவர் செய்த பேருந்து நிலையம் அறை முழுக்க வந்து நின்றது. அதற்குள்ளிருந்து பெண்குரல் முதல் எண்ணைச் சொன்னது. அதே நேரத்தில் இன்னொரு குரல் எழுந்தது. திரையில் இருப்பதையெல்லாம் அக்காவுக்குப் படித்துச் சொல்லும் குரல் அது. அது இல்லாமல் அவளுக்குக் கணினியே இல்லை. 'ஒலி இயங்குகிறது, நிறுத்து, பொத்தான்' என்று அது படித்து முடிப்பதற்குள் இரண்டாவது எண் போய்விட்டது. அக்கா கேட்ட எண்ணைத் தட்டினாள். என்ன தட்டினாள் என்பதை அந்தக் குரல் உரக்கச் சொன்னது. அதற்கடியில் நாலாவது எண் போயிற்று. இரைச்சலார் ஒலியை அளந்து அளந்து கலந்தது ஒரு சுத்தமான, அமைதியான அறைக்காக. அந்த அறையில் எப்போதும் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கும் என்பது அவருடைய கணக்கில் வரவேயில்லை.

தவறு என்றது கணினி. மறுபடி. தவறு. மறுபடி. மூன்றாம் தடவை உள்ளே விட்டது. அக்கா திரும்பவும் முதலிலிருந்து அந்தச் சோதனைப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"நாலுன்னா இப்படித்தான். மூணுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணு கிடைக்கும்."

எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்தே என்றாள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். அவள் விசைப்பலகையின் ஓரத்தை விரலால் துடைத்தாள்.

"நீ முதல் முதல்ல அதைச் செஞ்சிட்டு ஓடி வந்து, அக்கா இது உனக்காகத்தான் செஞ்சேன், இனிமே யாரையும் கேக்காம நீயே எல்லாம் பண்ணிக்கலாம்னு சொன்னே. அப்புறம் எப்படிடா சொல்றது?"

சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. அப்படித்தான் இந்த வேலையில் சேர்ந்தார். சேர்ந்த முதல் வருடம் எண்களை எப்படித் தெளிவாகக் கேட்க வைப்பது என்றுதான் ராப்பகலாக யோசித்தார். எந்த வருடத்தில், எந்த அறிக்கைக்கும் எந்தக் கைதட்டலுக்கும் நடுவில், எப்படிக் கேட்காமல் செய்வது என்று யோசனை மாறியது என்று இப்போது தேடினால் கிடைக்கவில்லை. யாரும் அவரை மாறச் சொல்லவில்லை. இரைச்சலார் என்று கூப்பிட்டார்கள், அவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கடிதம் எழுதியிருக்கிறேன் என்றார். பரிசீலனையில் இருக்கிறதாம் என்றார். இந்த வாரமே வாசிக்கும் குரல் பேசாத இடமாகப் பார்த்து எண்களை வைக்கப்போகிறேன், உன்னை மாதிரி ஐந்து பேர் கேட்காமல் இனிமேல் எதையும் வெளியே விடமாட்டேன் என்றார். பேசிக்கொண்டே போனார். அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவள் தலையாட்டல் ரொம்ப நல்ல தலையாட்டல். பதினாறு வருடம் கோபக்காரர்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துப் பழகியது.

அவர் நிறுத்திக்கொண்டார். வெளியே கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, என் மேல கோபமா?"

"மெஷினுக்கு ஏதுடா கோபம்?"

"விளையாடாம சொல்லு."

"சரி, கேக் கொண்டு வந்திருந்தா கோபம் குறைஞ்சிருக்கும்."

"அக்கா."

அவர் குரல் எப்படி வந்ததோ, அவள் முகத்தைத் திருப்பினாள். வாசிக்கும் குரலை ஒரு விசையைத் தட்டி ஊமையாக்கினாள். முகத்தில் எப்போதும் தயாராக நிற்கும் அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கிப் போவதை அவர் பார்த்தார். அது இல்லாத முகத்தை அவர் பார்த்து ரொம்ப வருடமாகியிருந்தது.

"கோபம்தான்டா. அந்த வேலை எனக்கு வேணும். வேற எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்ல. காது நல்லா இருக்குன்னு ஒருத்தர் சம்பளம் குடுத்து உக்கார வைக்கிற இடம் அது. நாப்பத்தொரு தடவையும் அந்தச் சத்தம் உன்னோடதுன்னு தெரிஞ்சுதான் கேட்டுட்டு இருந்தேன். நீ கடிதம் எழுதினது நல்லதுதான். ஆனா கோபம் போகல. எப்ப போகும்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அத்தானின் கத்தரிக்கோல் நின்றிருந்தது. இரைச்சலார் திரையைப் பார்த்தார். மடிக்கணினியில், அடுத்த ஆறு எண்களுக்கான வெறும் பெட்டிக்குள் மெல்லிய கோடு ஒன்று தோன்றியும் மறைந்தும் கொண்டிருந்தது. அதற்குச் சத்தமே இல்லை. அந்த அறையில் அது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்தது.