விமானியின் பணியாள்

"வாயத் திற," என்றாள் போரி.

அவள் கணவன் வென்செல் மல்லாந்து படுத்தபடியே வாயைத் திறந்தான். பார்லிக் கஞ்சி, உப்பில்லை. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. பாதத்தில் கட்டிய கயிறு கட்டிலின் கால்மாட்டில் இருந்த உருளையைத் தாண்டி இறங்கி, நுனியில் ஒரு மணல் மூட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது. எலும்பு கூடும்வரை அந்த இழுப்பு விடக் கூடாது, விட்டால் கால் கோணிக் குட்டையாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விமான மெக்கானிக்குக் கால் கோணினால் பிழைப்பு போயிற்று என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் விமானி ஆகோஷ் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு. வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"அக்கா, அண்ணனுக்கு மட்டும் நீ ஊட்டற. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"உனக்கு ஒரு கை இருக்குல்ல தம்பி. அதோட, எஞ்சினை நிறுத்தி ரெண்டு பேரையும் சோளக்காட்டுல கொண்டுபோய்ப் போட்டது யாரு?"

"பெட்ரோல்ல பாதி சாராயத்தக் கலந்து குடுத்தாங்க. எஞ்சினுக்குப் போதை ஏறிடுச்சு."

"எஞ்சின் என்னமோ ஆகட்டும். நான் தைச்ச இறக்கையில ஒரு தையல் விடல. அதைச் சொல்லு."

போரி மாத்யாஷ்ஃபோல்ட் விமானத் திடலில் இறக்கைகளுக்குத் துணி தைப்பவள். அந்தத் துணிமேல் இருந்த ராஜாவின் சிலுவையை மறைத்துச் சிவப்பு நட்சத்திரம் வரைந்ததும் அவளோடு வேலை செய்த பெண்கள்தான். இப்போது பட்டறைக்குப் பூட்டு. 1919 வசந்தத்தில் வந்த தொழிலாளர் அரசு கோடை முடியுமுன் விழுந்துவிட்டது; அதன் செஞ்சேனைக்காகத்தான் ஆகோஷும் வென்செலும் பறந்திருந்தார்கள். ருமேனியப் படை புடாபெஸ்டுக்குள் வந்து, பறக்கிற விமானம், பறக்காத விமானம் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தது.

கிண்ணத்தை வழித்துவிட்டுப் போரி குரலைத் தாழ்த்தினாள். "கீழ் வார்டைக் காலி பண்றாங்க. செஞ்சேனையில இருந்தவன் ஒருத்தனும் ராணுவ ஆஸ்பத்திரியில படுக்கக் கூடாதாம். காய்ச்சலோட கிடந்த ஆளைக்கூட வாசல்ல உக்கார வெச்சிருக்காங்க. நாளைக்கு இங்க வருவாங்களாம்."

மூவரும் மணல் மூட்டையைப் பார்த்தார்கள்.

"என்னை அனுப்ப மாட்டாங்க," என்றான் ஆகோஷ். "செஞ்சேனைக்காரங்க என்னை மிரட்டி ஓட்டவெச்சாங்கன்னு எங்க பெரியப்பா சொல்லியாச்சு. அவரு கர்னல். அதிகாரிக்குப் பணியாள் வெச்சுக்க உரிமை உண்டு. அண்ணன் என்னோட பணியாள். நான் கூட்டிட்டுப் போனேன், அவரு வந்தாரு. அவ்வளவுதான்."

வென்செல் கூரையைப் பார்த்தபடி சிரித்தான். "யுத்தம் பூரா உன்னை ஐயான்னு கூப்பிட்டேன். மார்ச் மாசம் நீயேதான் வந்து கையப் புடிச்சு, இனிமே பேரைச் சொல்லிக் கூப்பிடுண்ணேன்னு சொன்னே. இப்ப மறுபடியும் பூட்ஸு துடைக்கச் சொல்றியா?"

"துடைக்க வேணாம். துடைச்சேன்னு சொன்னாப் போதும்."

"முடியாது."

"கால் வேணுமா, ரோஷம் வேணுமா?" என்றாள் போரி. "எனக்குக் கால்தான் வேணும்."

அவன் தலையைத் திருப்பி ஆகோஷைப் பார்த்தான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் பாடத்தை ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு மேஜர் வீட்டில் வேலைக்கு இருந்தவள் அவள்.

"எஜமான் கண்ணைப் பாக்காதே. தாடையைப் பாரு. கேட்டாத்தான் பேசணும். தம்பி, நீ அவரை அண்ணேன்னு கூப்பிடாதே. எங்க, கூப்பிடு பாப்போம்."

"டேய்… வென்செல்."

"செத்த எலியத் தூக்கற மாதிரி கூப்பிடறே. உரக்க."

"டேய் வென்செல்! என் பூட்ஸு எங்கடா?"

"சோளக்காட்டுல இருக்குங்க ஐயா," என்றான் வென்செல், தாடையைப் பார்த்து. ஆகோஷுக்குச் சிரிப்பு வந்தது. தோள் வலித்தது, ஆனாலும் சிரித்தான். வென்செலுக்கும் வயிறு குலுங்க, உருளையில் கயிறு கிறீச்சிட்டது. போரி பாய்ந்துபோய் மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் வைதாள்.

மறுநாள் காலை, வார்டுகளைக் காலி செய்யும் பொறுப்பிலிருந்த கேப்டன் வந்தார், பழைய ராஜா படைக்காரர். நல்ல சவரம். கூடவே இரண்டு சிப்பந்திகள். போரி கட்டில்களுக்கு நடுவே கைகளை முன்னால் கோத்து நின்றாள். மேஜர் வீட்டில் அப்படித்தான் நின்றிருந்தாள்.

ஆகோஷ் சொல்ல வேண்டியதைச் சொன்னான். கேப்டன் தலையசைத்தார். "உங்க பெரியப்பா பேசினாரு, லெப்டினென்ட். உங்களை மாடி வார்டுக்கு மாத்தச் சொல்லியிருக்காரு. இவன்?"

"என் பணியாள். யுத்தத்துல இருந்து என்கூட இருக்கான்."

"அப்படியாடா?"

"ஆமாங்க ஐயா," என்றான் வென்செல், தாடையைப் பார்த்து. "நம்ம ஐயா எங்க போனாலும் நானும் போவேன்."

"யாரையாவது சுட்டியா? குண்டு போட்டியா?"

"இல்லீங்க ஐயா. எஞ்சினுக்கு எண்ணெய்…"

பேச்சு முடியுமுன் இருமல் வந்தது. ஆகஸ்ட் மாதத்து வறண்ட இருமல். இருமத் தொடங்கியவனால் நிறுத்த முடியவில்லை. மல்லாந்து கிடந்தவனுக்குத் தலையைத் தூக்கவும் வழியில்லை, முகம் சிவந்தது. விழுந்த நாளிலிருந்து பகலும் இரவும் செய்ததைத்தான் ஆகோஷ் அப்போதும் செய்தான். கட்டிலிலிருந்து இறங்கி, குவளையை எடுத்து, முழங்காலை வென்செலின் தலைக்கு அடியில் கொடுத்து, இடது கையால் துளித்துளியாக ஊற்றினான். வழிந்த தண்ணீரைத் தன் சட்டைக் கையால் துடைத்தான். பிறகு, இருமல் அடங்கும்வரை உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்திருந்தான்.

போரி கண்ணை மூடிக்கொண்டாள். பணியாளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். எஜமானுக்கு, கூப்பிடும் விதத்தைத் தவிர வேறெதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கேப்டன் நெற்றிமேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தார்.

"எங்க வீட்லயும் பணியாள் உண்டு, லெப்டினென்ட்," என்றார் மெதுவாக. "அவன் பேர் என்னன்னு யோசிச்சாத்தான் எனக்கு ஞாபகம் வரும்." சிப்பந்திகளிடம் திரும்பினார். "இந்தக் கட்டிலைக் காலி பண்ணுங்க."

"அப்ப என்னையும் அனுப்புங்க," என்றான் ஆகோஷ். "அதே விமானம். ஓட்டினது நான்."

"உங்களுக்குக் காய்ச்சல் இருக்கும் போல. ஓய்வெடுங்க."

சிப்பந்தி கயிற்றை அறுத்தான். வென்செல் சத்தம் போடவில்லை. போர்வையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டான்.

எதற்கும் இருக்கட்டும் என்று போரி வரச்சொல்லியிருந்த அவள் தம்பி, நிலக்கரிக் கடையின் கைவண்டியோடு வாசலில் காத்திருந்தான். வென்செலை வைக்கோல்மேல் கிடத்தியபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஆகோஷ் ஆஸ்பத்திரிச் சட்டையோடு, வெறுங்காலோடு இறங்கி வந்துவிட்டான்.

"அண்ணே, நான் யோசிக்கவே இல்லண்ணே. கை தானாப் போயிடுச்சு."

"போகட்டும் விடு," என்றான் வென்செல். வியர்வை கண்ணில் இறங்கியது. "தண்ணி நல்லா இருந்துச்சு."

"அக்கா, நானும் வண்டியத் தள்றேன்."

"ஒத்தக் கையோடயா? மேல போ தம்பி. கால்ல செருப்புகூட இல்ல."

அதற்குள் சிப்பந்திகள் ஒரு நாற்காலியோடு ஓடிவந்தார்கள். "தரை சில்லுனு இருக்குங்க ஐயா, நடக்கக் கூடாது," என்று அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருவன் அவன் பாதங்களைத் துணியால் சுற்றினான். ஒருவன் தோளுக்குப் பின்னால் தலையணையைச் செருகினான். இரண்டு பேருமாக, குலுங்காமல், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று அவனை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

போரியின் தம்பி வண்டியை இழுத்தான். தெருவெல்லாம் உருண்டைக் கற்கள். போரி வண்டிக்குப் பின்னால், இரண்டு கையாலும் புருஷனின் குதிகாலைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தபடியே நடந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் பின்னால் சாய்ந்து, பிடியை விடாமல், வீடு இருந்த பக்கம் நடந்தாள்.