உண்டியலில் போட்ட படம்

"எத்தன வாட்டி அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள புள்ளையப் படுக்கப் போடுவீங்க? அந்தக் கதிரே பின்னால நோவக் கொண்டாருமாம்—"

"ஆரு சொன்னா? உம்பட செல்போனா?"

"ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கை அம்மாசியண்ணன் சொன்னாருங்க—"

"அவருகிட்ட இதையுஞ் சொன்னியா, படத்த உண்டியல்ல போட்டது நீயின்னு?"

மாரக்காள் மகளை மடியோடு இழுத்துக்கொண்டாள். சேலத்து ஸ்கேன் சென்டரில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருஷன் சென்றாயன் குரலைத் தாழ்த்தவில்லை. "அம்மன் என்ன டாக்டருக்கா படிச்சிருக்கா, படம் பாத்துச் சொல்ல?"

அவள் மேல் என்ன தப்பு? மகள் தீபிகாவுக்கு மாருக்குள் இருந்த புற்றுக்கட்டி மருந்தில் கரைந்ததும், சொந்த ஊர் எடப்பாடியிலிருந்து நேராக அம்மன் கோயிலுக்குப் போனாள். கண் நோவு தீர்ந்தால் கண்மலர், கால் குணமானால் மரக்கால் என்று காணிக்கை போடுவது வழக்கம். மாருக்குள் இருந்த கட்டிக்கு எந்தக் கடையில் உரு விற்கிறார்கள்? கட்டி கரைந்தபின் எடுத்த ஸ்கேன் படத்தையே ரிப்போர்ட்டோடு மடித்து உண்டியலுக்குள் தள்ளிவிட்டாள். அந்த உண்டியலை ஆடியில்தான் திறப்பார்களாம். படம் எடுத்த சென்டரையும் மூடிவிட்டார்கள்.

இப்போது எக்ஸ்ரேயில் ஒரு நிழல். பழைய படத்திலும் அது இருந்திருந்தால் ஆறின தழும்பு. இல்லையென்றால் கட்டி திரும்பிவிட்டது. ஒப்பிடப் படம் இல்லை, மறுபடி ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

கதவைத் திறந்து வித்யா சிஸ்டர் வந்தாள். "பயப்படாதீங்கக்கா. சின்னப் புள்ளைக்குக் கதிரக் கொறச்சுத்தான் வெப்போம். தேவையில்லாம எடுக்கக்கூடாது. தேவைன்னா எடுக்காம உடவும் கூடாது."

"இது தேவையானதுங்களா, இல்லாததுங்களா?"

வித்யா கையிலிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தாள். "பழைய படம் இருந்திருந்தா... ஒருவேளை வேண்டியிருந்திருக்காது. இப்ப வேணுமுங்க. புள்ள இடுப்புத் தாயத்தக் கழட்டிருங்க."

அதே கோயில் தாயத்து. முடிச்சு அவிழவில்லை, மாரக்காள் குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அம்மா, எம்பட படத்த அம்மன் பாத்துட்டாளா?" என்றாள் தீபிகா.

"பாத்திருப்பா சாமி."

"அப்பறம் எதுக்கு இன்னொண்ணு?"

வித்யா பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். கதவு மூடியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய தழும்பாக இருக்கட்டும் என்று கும்பிடக் கை கூப்பிய மாரக்காள் பாதியில் நிறுத்தினாள். தழும்புதான் என்றால், உள்ளே இப்போது பிள்ளை மேல் விழுகிற கதிர் அத்தனையும் வீணாக அவள் போட்டது. தாயத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இப்ப நான் என்னன்னு வேண்டிக்கட்டும்?"