நீ கொடுத்த கொம்பு

பெற்றோர் விட்டுப்போன கோபாலபுரத்து வீட்டை அண்ணன் காஷிஃப் தன் பேருக்கே எழுதிக்கொண்டபோது, ரூபீனா கேட்டதெல்லாம் வாசல் கள்ளிமந்தாரை மரத்தில் ஒரு கொம்புதான். சொந்தக்காரர்கள் பார்க்க, அவனே வெட்டிக் கொடுத்தான். பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவைத்து, கோடம்பாக்கத்து வாடகை வீட்டின் பால்கனித் தொட்டியில் நட்டாள். இலைகூட விடாமல் ஒரு கொத்து பூத்தது.

பார்க்க வந்த காஷிஃபுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, நம்ம மரம் உனக்கும் பூத்துடுச்சு! இனிமே பங்கு கிங்குன்னு பேசாத."

ரூபீனா கொம்பைப் பிடித்து இழுத்தாள். சுலபமாகக் கையோடு வந்துவிட்டது.

"வேரு எங்க கீது, பாருண்ணே. அந்த வூட்ல குடிச்ச பால்லதான் இத்தினி நாளு பூத்துக்கினு கீது."

அழுகிய நுனியோடு அதை அவன் மடியில் போட்டாள்.

"நீ குடுத்த பங்கு இதான். எடுத்துக்கினு போ."