ஃபாலோ போடாத ரெட்

ஜஹனாராவின் வீடு ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. அந்த மழையில் அவள் தங்கை சகினா தன் இரண்டு பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து விட்டதற்கு அதுதான் காரணம். ஈக்காட்டுத்தாங்கலில் சகினாவின் வீடு தரையோடு தரையாக இருப்பது. ஆற்றுத் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு ஏறியிருந்தது.

"தண்ணி வடியறவரைக்கும் பாத்துக்கக்கா. வெளிய மட்டும் விட்றாத. கரண்ட் கம்பி எங்க அறுந்து கெடக்குதுன்னே தெரியல" என்று படியிலேயே நின்று சொல்லிவிட்டு, மிச்ச சாமான்களைக் காப்பாற்றப் புருஷனோடு திரும்பிப் போய்விட்டாள்.

வெளியே விடுவதாவது! ஜஹனாராவே படியிறங்க முடியாதவள். புருஷன் நூர் முஹம்மது மவுத்தானதிலிருந்து அவள், புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். அதன் தவணை முடியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும். அடைந்து கிடப்பது அவளுக்குப் பழகிப் போயிருந்தது. பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை.

சைஃபுக்குப் பதினாலு வயது, ரூஹிக்குப் பதின்மூன்று. கதை சொன்னால் கேட்கிற வயதும் போய்விட்டது, பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வயதும் வரவில்லை. இரண்டுங்கெட்டான் வயது என்று சும்மாவா சொன்னார்கள்! முதல் நாள் போனில் சார்ஜ் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. மறுநாள் காலையில் இரண்டு போனும் அணைந்தன. அதோடு வீட்டின் நிம்மதியும் அணைந்தது.

"இன்னா பெரிம்மா, கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. இன்னாதான் பண்றது?" என்றான் சைஃப்.

ஜஹனாரா தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். தாயம் ஆடினார்கள், சைஃப் அழுகுணி ஆட்டம் ஆடுகிறான் என்று ரூஹி காய்களை வாரிப் போட்டாள். பூரிக்கு மாவு தேய்க்கவிட்டாள். ரூஹியின் பூரி வட்டமாகவும் சைஃபினுடையது இலங்கை மாதிரியும் வந்து, அதற்கும் ஒரு சண்டை. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாளாக அந்த வீட்டில் குக்கரைத் தவிர யாரும் சத்தம் போட்டதில்லை. ஆனால் சைஃப் மட்டும் சாத்தியிருந்த உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரூமுக்குள்ள கேரம் போர்டு இருந்துச்சே பெரிம்மா?"

"அங்க போகாதீங்க" என்றாள் ஜஹனாரா.

ஏன் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் பக்கத்திலேயே போயிருக்க மாட்டார்கள். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெற்ற தாயிடமும் சொல்லாத விஷயம் அது.

நூர் முஹம்மது கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின் கடை திறக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் அவருக்கும் அவளுக்கும் கேரம். கல்யாணமான புதிதில் அவர்தான் அவளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவள் ரெட்டை, அந்தச் சிவப்புக் காயை, குழியில் போட்டுவிட்டு அடுத்ததாகத் தன் காய் ஒன்றைப் போடத் தவறினால், அதாவது ஃபாலோ போடாவிட்டால், மயிரிழையில் தவறியிருந்தாலும் சரி, ரெட்டைக் குழியிலிருந்து எடுத்து நடுவில் வைத்துவிடுவார். "ரூல்னா ரூல் ஜஹனா" என்று சிரிப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி வெள்ளிக்கிழமை ரெட்டைப் போட்டது அவர். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்து ஃபாலோ போடறேன்" என்று எழுந்து போனார். அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம்தான் அவள் கேட்டது. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சொந்தக்காரர்கள் வந்து நிறைவதற்குள் அவள் செய்த ஒரே காரியம், அந்த அறைக்குள் போய் போர்டின் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு வந்ததுதான். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. மண்ணில் வைத்ததை அவள் பார்க்கவில்லை. அவள் மனதில் நின்றது, அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனது மட்டும்தான். ஆகவே அந்தக் காய்கள் அசையாதவரை அவர் தண்ணீர் குடிக்கத்தான் போயிருக்கிறார். இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்துதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று அஸர் தொழுகைக்கு அவள் நின்றபோது காற்று வலுத்தது. உள் அறை ஜன்னல் படார் படாரென்று அடித்துக்கொண்டது. மழை உள்ளே அடிக்குமே என்று ரூஹி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். விரிப்பின் ஒரு முனை காற்றில் விலகிக் கிடந்தது. தங்கையின் பின்னாலேயே போன சைஃப் அதைப் பார்த்தான். அப்புறம் என்ன, காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதைதான்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஜஹனாரா வந்து நின்றபோது, சைஃப் குழி வலைக்குள் கைவிட்டு ரெட்டை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டிருந்தான்.

"தொடாதடா!"

கத்தியதோடு நிற்காமல் ஓர் அறையும் விட்டாள். பிறந்த நாளிலிருந்து அவன்மேல் அவள் கை வைத்ததே இல்லை.

சைஃப் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "பாதி ஆட்டமா இருந்துச்சு பெரிம்மா. வேற ஒண்ணத்தையும் தொடல. குழியில வெறும் ரெட்டுதான் கீது, ஃபாலோ இல்ல. அதான் எடுத்து வச்சேன்."

"போடறேன்னுட்டுத்தான்டா போனாரு" என்றாள் ஜஹனாரா. "தண்ணி குடிச்சிட்டு வந்து போடறேன்னுட்டுப் போனாரு."

இதற்குமேல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரூஹி முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு அழுதாள். சைஃப் இரண்டு விரலால் ரெட்டைத் தூக்கி, மற்ற காய்களில் சட்டை நுனிகூடப் படாமல், அதே குழியில் வைத்தான். "சாரி பெரிம்மா. எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வச்சிட்டேன்" என்றான்.

அவன் கன்னத்தில் அவள் விரல்தடம் சிவந்திருந்தது. ஜஹனாரா அந்தக் கன்னத்தைத் தடவினாள். ரூல்படி நடந்த பிள்ளையை அல்லவா அடித்துவிட்டோம்! அவர் இருந்திருந்தால் இவனைத் தட்டிக்கொடுத்திருப்பார்.

போர்டைப் பார்த்தாள். ஈரத்தில் பவுடர் திட்டுத்திட்டாகக் கட்டியிருந்தது. அவருடைய வெள்ளைக் காய் ஒன்று குழியின் வாயிலேயே நின்றது. ஊதினால் விழுகிற காய். அவர் தவறவே விட்டிருக்க மாட்டார்.

"சைஃப், நீ போடு. உங்க பெரியத்தாவுக்காக."

அவன் தலையை ஆட்டினான். "நான் எப்பிடி பெரிம்மா? நீங்க போடுங்க."

அவள் சுற்றிப்போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் போர்டைப் பார்த்ததே இல்லை. பிஸ்மில்லா சொல்லி ஸ்ட்ரைக்கரை அடித்தாள். ஸ்ட்ரைக்கர் குழிக்குப் பக்கத்துச் சட்டத்தில் மோதித் திரும்பியது. வெள்ளைக் காய் லேசாக அதிர்ந்து, நின்ற இடத்திலேயே நின்றது.

"பரவால்ல பெரிம்மா, இன்னொரு தடவ போடுங்க" என்றாள் ரூஹி அழுகையோடு. "யாரு பாக்கறாங்க?"

ஜஹனாரா ஸ்ட்ரைக்கரை ஓரமாக வைத்தாள். பிறகு வலைக்குள் கைவிட்டு ரெட்டை எடுத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் போர்டின் மேல் சொட்டியது. மவுத்து வீட்டில் ஊரே அழுதபோது வராத அழுகை அது.

"ரூல்னா ரூல்" என்று சொல்லி, ரெட்டை நடுவட்டத்தில் வைத்தாள்.

எழுந்து வந்து தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கருப்புக் காய் அவளுடையது. முந்தானையால் போர்டின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருடா. வெள்ளை அவரோடது, அத நீ ஆடு. இப்ப என் ஆட்டம்" என்றாள். "எனக்காக விட்டுக்கொடுக்காத, கேட்டியா? அவரு ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்ல."